பெட்டிக்குள் ஒரு பூனை

“பிரிச்சுப் பாத்துடுங்கண்ணே. மூணு நாளா சட்டைப் பையிலயே வச்சிருக்கீங்க,” என்றார் பக்கத்து வீட்டு வாத்தியார் தேவதாஸ்.

பொன்னுதுரை வாழையிலை அறுப்பதை நிறுத்தவில்லை. “மாட்டேன் வாத்தியாரே.”

தந்தி லண்டனிலிருந்து வந்தது. அங்கே பௌதிகம் படிக்கப் போன ஒரே மகன் ராஜரத்தினம் நிமோனியா கண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று போன வாரம்தான் கடிதம் வந்திருந்தது. இந்தத் தந்தியில் இரண்டு சேதிகளில் ஒன்றுதான் இருக்க முடியும்.

“அவன்தான் முன்னே எழுதியிருந்தான். ஒரு பூனையைப் பெட்டியில வச்சு மூடினா, ஒருத்தர் திறந்து பாக்கிற வரைக்கும் அது உயிரோடவும் இருக்கு, செத்தும் இருக்காம். மனுசன் பார்வை பட்டாத்தான் ரெண்டுல ஒண்ணு முடிவாகுமான்னு பெரிய பெரிய விஞ்ஞானிங்களே அடிச்சுக்கிறாங்களாம்.” அவர் அடுத்த இலையை அறுத்தார். “நான் பாக்காத வரைக்கும் அவன் இருக்கான்.”

“வேற யாராச்சும் பாத்திருந்தா?”

“யாரு பாப்பா? தந்தியை வாங்கி வச்சது கமலவேணிதான். அவளுக்கு இங்கிலீசு தெரியாது. ஆபீஸ் விஷயம்னேன், சரின்னு அடுப்படிக்குப் போயிட்டா. அவளாவது நிம்மதியா இருக்கட்டும்.”

தேவதாஸ் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு தன் வீட்டுக்கு நடந்தார்.

அன்று போகி. கடல் கடந்த இந்த நாட்டுக்கும் சுதந்திரம் கிடைத்தபின் வரும் முதல் பொங்கல் என்று காஜா பேராங் கிராமமே அமர்க்களப்பட்டது. பொன்னுதுரை வீட்டில் போகியன்று இறந்தவர்களுக்குப் படையல் போடுவார்கள், ஆளுக்கோர் இலை. அப்பா, அம்மா, மாமனார், மாமியார், அண்ணன். ஐந்து இலைகளை எண்ணி மனைவியிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். பாவம், தண்ணீர்ச் சத்தத்தில்தான் அவரால் அழ முடிந்தது.

திரும்பி வந்தபோது படையல் தயாராக இருந்தது. சாமி படத்தின் முன் அவர் அறுத்த ஐந்து இலைகள். ஓரத்தில், கோணலாக அறுத்த ஆறாவது இலை. அதில் சோற்றோடு நெத்திலிச் சம்பல். ராஜரத்தினம் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுவது.

“தந்தி வந்த அன்னிக்கே வாத்தியாரு படிச்சுச் சொல்லிட்டாருங்க. சோத்துப் பருக்கை வச்சு நான்தான் திரும்ப ஒட்டினேன்,” என்றாள் கமலவேணி, நிமிராமல். “நீங்க அதைப் பாக்கவே வேணாம். ஆனா புள்ள இன்னிக்குப் பசியோட வந்து நிக்கக் கூடாதில்ல.”