அட்டைப்படத்தில் ஒரு ஜன்னல்

கதவைத் தட்டிய தட்டில் வெண்டெலின் தூரிகை சறுக்கி, படத்து வானத்தில் ஒரு கோடு விழுந்தது.

திறந்தான். எதிர்க் கட்டடத்துப் பெண்மணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஒரு வாரமா என் ஜன்னலையே உத்துப் பாக்குறீங்களே, வெக்கமா இல்ல?”

“ஐயையோ மேடம், நான் ஓவியன்! ஒரு நாவலுக்கு அட்டைப்படம் வரையறேன். சிகாகோ தெரு ஒண்ணு வேணும்னாங்க. உள்ள வந்து நீங்களே பாருங்க.”

மேசை மேல் செங்கல் கட்டடங்கள், ரயில் பாலம், நடுவில் விளக்கெரியும் ஒரே ஒரு ஜன்னல். அவளுடைய ஜன்னல். அவள் பூனைகூட அதில் உட்கார்ந்திருந்தது.

“என்னைக் கேக்காம என் வீட்டை எப்படி வரையலாம்? நாலு பேர் பாத்தா என்ன ஆகறது?”

“நாலு பேர்கூடப் பாக்க மாட்டாங்க, பயப்படாதீங்க!” வெண்டெல் சிரித்துச் சமாளித்தான். “யாரோ டி. கெர்ரிகனாம். மனுஷன் அறுத்துத் தள்ளியிருக்கான். பத்துப் பக்கம் தாண்டல, தூங்கிட்டேன். என் படத்தைப் பாத்து யாராவது வாங்கினாத்தான் உண்டு.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெண்டெலுக்குப் பாவமாகிவிட்டது. “ஜன்னலை அழிச்சிடவா மேடம்?”

“வேண்டாம், இருக்கட்டும். பதினோராம் பக்கத்துல இந்த ஜன்னல்தான் வருது. பூனையும் வருது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? புத்தகம் இன்னும் வெளியவே வரலையே!”

அவள் எழுந்து கை நீட்டினாள்.

“நாம இன்னும் பேரே சொல்லிக்கல. நான் டோரத்தி கெர்ரிகன்.”