காதோரம் ஒரு போன்

“மேர்சி, உன்ரை போனைத் தா பிள்ளை. பெட்டி மூடமுதல் மிரோஜன் தாயோடை கதைக்க வேணுமாம்.”

எமிலியானுஸ் கையை நீட்டியபடி நின்றார். மேர்சி நிமிர்ந்து பார்க்கவில்லை.

“சித்தப்பா... அது கிணத்தடியிலை தண்ணிக்குள்ளை விழுந்திட்டுது. வேலை செய்யாது.”

“எப்ப?”

“முந்தநாள்.”

சொல்லிக்கொண்டே அவள் தன் கைப்பையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

நடுக் கூடத்தில், பெட்டிக்குள் மாக்கிறேற் கிடந்தாள். எமிலியானுஸின் தங்கை, மேர்சிக்கு மாமி. ஒரே மகன் மிரோஜன் பிரான்ஸில் இருந்தான். அங்கே நிரந்தரமாக இருக்க அவனுக்கு இன்னும் விசா கிடைக்கவில்லை. வந்தால் திரும்பிப் போக ஏலாது. சமாதானம் என்று சொல்லி மண்டைதீவுக்கும் கைத்தொலைபேசி வந்து சேர்ந்த இந்த இரண்டு வருடமாக, வர முடியாத பிள்ளைகள் போனில் அழுவதும், அந்தப் போனைப் பிரேதத்தின் காதோரம் வைப்பதும் வழக்கமாகிவிட்டது.

“‘அம்மாவின்ரை காதோரம் போனை வையுங்கோ, நாலு மணிக்கு எடுக்கிறன்’ எண்டு கோயிலுக்குப் போன் எடுத்துப் பங்குச் சுவாமியாரிட்டைச் சொன்னவனாம். எந்த நம்பருக்கு எண்டு கேக்கமுதல் வைச்சிட்டான். உன்ரை நம்பர்தான் அவனட்டை இருக்கும் எண்டு நினைச்சன். இப்ப என்ன செய்யிறது?”

பக்கத்து வீட்டு மேரிறோஸ் தன்னுடைய போனை இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

“இதை வேணுமெண்டால் கொண்டுபோங்கோ. ஆனால் காதுக்குள்ளை செருகினால்தான் கேக்கும்.”

“முன்வீட்டு றஜீபன்ரை போன்?”

“அது படமெல்லாம் எடுக்கும் அண்ணை. பற்றறிதான் பத்து நிமிசமும் நிக்காது. சத்தம் வெளியிலை கேக்கிற போன் இந்த ஒழுங்கையிலை மேர்சியிட்டை மட்டும்தான்.”

“சத்தம் வெளியிலை கேக்கத்தான் வேணும்,” என்றார் எமிலியானுஸ். “அவன் அழுகிறதை நாலு சனமும் கேக்கட்டும். தாயை மறந்துபோனான் எண்டு ஊரெல்லாம் கதை.”

“கதைச்சதிலை என்ன பிழை அண்ணை?” மேரிறோஸ் விடவில்லை. “இந்த மனிசி சாகுமட்டும் படலையைப் பாத்துக்கொண்டு கிடந்தது. ஒருநாள் ஒரு போன்? இப்ப பெட்டிக்குள்ளை கிடக்கேக்கை கதைக்கப்போறாராம் துரை!”

“செத்த வீட்டிலை வாயை மூடும்.”

கடைசி ஒரு மாதமும் மாமிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள் மேர்சிதான். பழந்துணி கசக்கியவளும் அவள்தான். அதற்காக வந்தவர்கள் எல்லோரும் காலையிலிருந்து அவளைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் அவள் இன்னும் கொஞ்சம் சுருங்கினாள்.

போன தவக்காலத்தில் அந்தப் போன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது, அதைத் தூக்கிக்கொண்டு ஊர் முழுக்கத் திரிந்தவள் அவள். மாமிகூட ஒருநாள் அதைக் கையில் வாங்கி, முந்தானையால் துடைத்து, “நல்ல வடிவு பிள்ளை. கவனமா வைச்சிரு” என்று திருப்பிக் கொடுத்தாள். அந்தக் கை இப்போது செபமாலை சுற்றி நெஞ்சில் கிடந்தது. மேர்சி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே மேளக்காரர் வந்துவிட்டார்கள். சுவாமியார் படலைக்குள் நுழைவது தெரிந்தது.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டும். போனை நிறுத்திவிடலாம் என்று மேர்சி மெல்லக் கைப்பைக்குள் கையை விட்டாள். அவளுடைய விரல் பொத்தானைத் தொடுமுன் அது பாடத் தொடங்கியது.

கூடத்தில் அழுகை நின்றது. எல்லாக் கண்ணும் அந்தப் பையில்.

“தண்ணிக்குள்ளை விழுந்த போன் நல்லாத்தான் பாடுது,” என்றாள் மேரிறோஸ்.

யாரோ ஒருத்தி வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள். மேர்சி பையை இறுக்கிப் பிடித்தாள். அப்படியே நிலம் பிளந்தால் நல்லது என்றிருந்தது.

எமிலியானுஸ் கோபிக்கவில்லை. அதுதான் அவளை இன்னும் கொன்றது.

“பிரேதத்துக்குக் கிட்ட வைச்ச போனைப் பிறகு பாவிக்க உனக்கு அருவருப்பு, என்ன? அதைச் சொல்லியிருக்கலாமே பிள்ளை. நான் வேறை ஒண்டு வாங்கித் தாறன்.”

“இல்லைச் சித்தப்பா... அதில்லை...”

அவர் பையிலிருந்து போனை எடுத்தார். திரையைப் பார்த்தார்.

“பிரான்ஸ் நம்பர்! அவன்தான்!”

“முதலிலை நான் ஒரு சொல்லுக் கதைக்கிறன் சித்தப்பா! ஒரேயொரு சொல்லு!”

மேர்சி அவருடைய கையைப் பிடித்தாள். அவர் மெதுவாக விலக்கினார்.

“தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவிலை நீ என்னத்தைக் கதைக்கப்போறாய்? சத்தத்தைக் கூட்டிறது எந்தப் பொத்தான்?”

மேரிறோஸ் எட்டி அழைப்பை ஏற்று, சத்தத்தையும் கூட்டிவிட்டாள்.

எமிலியானுஸ் போனைத் தங்கையின் காதோரம் தலையணையில் சாய்த்து வைத்தார். சனம் மூச்சை அடக்கிக்கொண்டு கிட்ட வந்தது. சுவாமியாரும் வாசலிலேயே நின்றுவிட்டார். மேர்சி சுவரோடு ஒட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடினாள்.

முதலில் இரைச்சல். பிறகு மிரோஜனின் விம்மல். பிறகு அவன் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

“அம்மா... நான் எடுக்கிற நேரமெல்லாம் நீங்கள் நித்திரை எண்டுதானே மேர்சி மச்சாள் சொல்லுறவ... உங்களுக்கெண்டு நான் வாங்கி அனுப்பின இந்தப் போனிலை, ஒருக்காக்கூட உங்கடை குரலைக் கேக்கேல்லையே அம்மா!”