துவைக்காத கோட்டு

"படிகம் கேட்டா ஏழு மாசமா எண்ணெயையே காட்டுறீங்க. இதை வச்சு நான் என்ன விளக்கா ஏத்துறது?"

துறைத்தலைவர் குப்பியைச் சாய்த்தார். அடியிலிருந்த மஞ்சள் பிசுக்கு மனமில்லாமல் நகர்ந்தது.

"பழைய ஆய்வகத்துல மூணே நாள்ல ஊசி ஊசியா வளர்ந்துச்சு, சார்" என்றாள் அவள்.

"அப்படித்தான் கட்டுரையில எழுதியிருக்கீங்க. இங்க யாரும் கண்ணால பாக்கலையே! வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். இல்லன்னா கட்டுரையை நீங்களே வாபஸ் வாங்கிடுங்க."

பொய் என்ற சொல்லை அவர் உச்சரிக்கவில்லை. உச்சரித்திருந்தால் மறுப்பதற்காவது அவளுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

பிளாட்டினத்தின் இருபுறமும் பாஸ்பீன் மூலக்கூறுகள் கைகோத்து நிற்கும் அந்தச் சேர்மத்தை நம்பித்தான், கணவரை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் தனியே வந்திருந்தாள். பாஸ்பீனின் அழுகிய பூண்டு வாடை உடம்போடு ஒட்டிக்கொண்டதில், சாப்பாட்டு அறையில் அவளுக்கென்று எப்போதும் ஒரு முழு மேசை கிடைத்தது.

'தராசு' என்று எல்லோரும் கூப்பிடும் கருவியறைக்காரர் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டாவது பேசுவார்.

"மேடம், இங்க எல்லாமே புதுசு, கழுவித் துடைச்ச சுத்தம். பால் தயிராகணும்னா உறை வேணும்ல? பழைய படிகத்தோட பொடி ஒரு துளி விழுந்தாப் போதும், இதுவும் அதைப் பிடிச்சுக்கிட்டு வளரும். அங்க போட்டிருந்த கோட்டு இருக்கா?"

உடனே வீட்டுக்கு ஃபோன் போட்டாள்.

"என்னங்க, அலமாரிக்குள்ள என் வெள்ளைக் கோட்டு தொங்கும். இந்த வாரமே அனுப்புறீங்களா? தயவுசெஞ்சு துவைச்சிடாதீங்க."

"அந்த நாத்தம் புடிச்சதா?"

"அதேதான்."

"ம்... நானே அனுப்பணும்னுதான் இருந்தேன்."

"பரவாயில்லையே, என் நினைப்புகூட இருக்கு உங்களுக்கு!"

சிரித்தது அவள் மட்டும்தான்.

வியாழக்கிழமை காலை ஒரு பெரிய பெட்டியே வந்து இறங்கியது. மேலாக இருந்த கோட்டை உருவிக்கொண்டு பெட்டியை மேசைக்கடியில் தள்ளினாள். கையுறை கிழியாமல் இருக்க, வழக்கம்போல் மோதிரத்தைக் கழற்றி வைத்தாள். "உன் வேலைக்குப் பிளாட்டினம்தான் பொருத்தம்" என்று கல்யாணத்துக்குக் கணவர் இருவருக்கும் ஜோடியாகச் செய்வித்த மோதிரங்களில் ஒன்று அது. பிறகு கோட்டின் கைமடிப்பைப் பிரித்துக் குப்பியின் வாய்மேல் மெல்ல உதறினாள்.

மறுநாள் குப்பிக்குள் மஞ்சள் ஊசிகள் முளைத்து நின்றன.

துறைத்தலைவர் நெடுநேரம் உருப்பெருக்கியில் கண்ணை வைத்திருந்தார். "தப்பா நினைச்சுட்டேம்மா. மன்னிச்சிடுங்க" என்றார். தராசு மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தட்டோ தட்டென்று கைதட்டினார்.

கையுறைகளைக் கழற்றினாள், மோதிரத்தை மாட்டிக்கொண்டாள், கணவருக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலையில் இருப்பார், எடுக்கட்டும் என்று பெட்டியை இழுத்துப் பிரித்தாள். கேட்டது கோட்டு ஒன்றுதான். மனிதர் ஸ்வெட்டர், பழைய கண்ணாடி, சான்றிதழ்கள், சீப்பு, வீட்டுச் செருப்பு என்று ஒன்று விடாமல் அடுக்கியிருந்தார். எவ்வளவு கரிசனம்!

செருப்புக்கடியில், பெட்டியின் மூலையில், மோதிரம் மின்னியது.

சந்தோஷத்தில் கழன்று விழுந்ததுகூடத் தெரியவில்லையே என்று விரலைத் தடவினாள். அவளுடைய மோதிரம் விரலில்தான் இருந்தது.