பெயிண்டர் வீட்டு மேடு

மணல்மேடு நகர்ந்து எந்த வீட்டை மூடுகிறதோ, அந்த வீட்டின் பெயர்தான் மேட்டுக்கு. பெயர்ப் பலகை எழுதுபவர் ஊரின் ஒரே பெயிண்டர். எழுத வேண்டிய பெயரைச் சொல்லி பஞ்சாயத்து ஆபீசில் கொடுத்த இந்த மாதச் சீட்டில் ‘பெயிண்டர் வீட்டு மேடு’ என்றிருந்தது.

“சார், மேடு என் வீட்டுக்கு மூணு மைல் தள்ளி நிக்குதே.”

“தையல்காரரும் இப்படித்தான் சொன்னார்,” என்றார் கிளார்க், தலை நிமிராமல்.

தையல்காரர் வீட்டுப் பலகை எழுதிய மூன்றாம் நாள், அந்த வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை.

பெயிண்டர் பலகையை எழுதினார். எழுத்து எப்போதும்போல் மணிமணியாக வந்தது.

“எங்க நடணும் சார்?”

“எங்கயும் தூக்கிட்டு அலைய வேண்டாம். வீட்டுலயே வெச்சிருங்க.”

வீட்டில் மனைவி துடைப்பத்தோடு நின்றாள். “கதவு சாத்தித்தான் இருக்கு. நாலு தடவை மணல் கூட்டிட்டேன்.”

பெயிண்டர் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவள் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி வைத்தார்.