தானாக நகரும் மவுஸ்

காலையிலிருந்து அக்காவுக்கு அடிவயிறு சுண்டி இழுத்தது. உட்காரவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை.

அந்த ஆபீசில் கம்ப்யூட்டர் ஐந்து நிமிடம் சும்மா கிடந்தால் சூப்பர்வைசர் திரையில் அவளுடைய விளக்கு சிவப்பாகும். உடனே காவல்காரம்மா போய்க் கழிவறைக் கதவைத் தட்டுவாள்.

"மாட்டை விரட்டுற மாதிரி தட்டுறாடா அவ. மவுஸைத் தானா நகர்த்துற ஸ்கிரிப்ட் எழுதித் தர்றேன்னியே, என்னாச்சு?"

பக்கத்து இருக்கைக் கண்ணாடிக்காரன் சிரித்தான். "நேத்து மவுஸை ஒரே இடத்துக்கே போகச் சொல்லிட்டேன்க்கா. ஏற்கெனவே அங்கதான் நிக்குது, எங்க நகரும்? இப்ப தடவைக்கு ஒரு இடம். நிறுத்த எஸ்கேப் பட்டனை அமுக்குங்க. கூலியா என் சனிக்கிழமை ஷிப்டு ஒண்ணு பார்த்துடணும்."

"பார்த்துட்டாப் போச்சு, மகராசா."

ஸ்கிரிப்டை ஓடவிட்டு, வயிற்றைப் பிடித்தபடி போனாள்.

மதியம் சூப்பர்வைசர் கண்ணாடி அறையிலிருந்தே கத்தினார். "அந்தம்மாவுக்குக் காலையிலேர்ந்து பச்சை விளக்கு மாறல. நீங்களும் இருக்கீங்களே!"

எங்கேயோ படுத்து நன்றாகத் தூங்குகிறாள் என்று நினைத்துக் கண்ணாடிக்காரன் வாயைப் பொத்திச் சிரித்தான்.

சாயங்காலம் கழிவறைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டுக் கூட்டுகிறவள்தான் அலறினாள். தாழ்ப்பாளை உடைத்தார்கள். ஆம்புலன்ஸ்காரர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார்.

"காலையிலேயே யாராவது கதவைத் தட்டியிருந்தா பிழைச்சிருக்கும்."

"பச்சைதானேய்யா எரியுது!" என்றார் சூப்பர்வைசர்.

கண்ணாடிக்காரன் ஓடிப்போய் எஸ்கேப்பை அமுக்கினான். ஐந்து நிமிடத்தில் சிவப்பு எரிந்தது. காவல்காரம்மா பழக்கத்தில் எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

அக்கா அவனுக்கு ஒரு சனிக்கிழமை ஷிப்டு பாக்கி.