பூட்டிய சத்தம்

மெக்கானிக் பின் கதவைத் திறந்து குனிந்தபோது, தானும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றார் காரின் சொந்தக்காரர்.

வாடிக்கையாளர்கள் பட்டறைக்குள் வரக் கூடாது என்று சுவரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மெக்கானிக் நகர்ந்து இடம் விட்டார்.

வெளியே ஏசி அறையில் சோபா உண்டு, காபி உண்டு, காபியோடு ஒரு புன்னகையும் உண்டு. அத்தனை விலை கொடுத்து வாங்கிய காருக்கு அந்த உபசாரம்கூட இல்லாமல் போகுமா? ஆனால் அவர் காபிக்கு வரவில்லை.

பின் சீட் பெல்ட்டின் பூட்டில் குறை இருக்கலாம், காரைக் கொண்டு வாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று கம்பெனியிலிருந்து போனில் செய்தி வந்திருந்தது. அதைப் படித்ததிலிருந்து அவருக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

மகன் சின்னவனின் உயிர் போனது இந்தக் காரில்தான்.

விபத்து என்று சொல்லக்கூட முடியாது. முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. அவர் பிரேக்கை மிதித்தார். கார் இடிக்காமல் நின்றுவிட்டது. அதற்காகத்தானே அவ்வளவு பெரிய காரை வாங்கினார். உள்ளே உட்கார்ந்தால் மலையே மோதினாலும் ஒன்றும் ஆகாது என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டவர் அவர்.

காரில் ஒரு கீறல்கூட விழவில்லை. சின்னவன் மட்டும் பின்னாலிருந்து பறந்து வந்து முன் கண்ணாடியில் மோதினான்.

அவனுக்கு பெல்ட் போட்டுவிடுவது அக்காவின் வேலை. தம்பிக்குப் போட்டாயா என்று கேட்காமல் அவர் வண்டியைக் கிளப்ப மாட்டார். அன்றும் கேட்டார். போட்டேன் என்றாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், நாலு பேர் முன்னால், ஒரு பெல்ட்டைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாதா என்று அந்தக் குழந்தையை அவர் கேட்டுவிட்டார்.

"போட்டேன்ப்பா. சத்தம் கேட்டுச்சு."

அப்புறமும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள்.

இப்போது வேறு ஊரில் தங்கிப் படிக்கிறாள். லீவுக்கு பஸ்ஸில் வருவாள், பஸ்ஸிலேயே போவாள். ஷெட்டில் உறை போட்டு நிற்கும் காரின் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். விற்றுத் தொலைக்கலாம் என்றால் அம்மா விடவில்லை. பிள்ளை கடைசியாக உட்கார்ந்த இடமாம்.

பேட்டரி செத்துவிடக் கூடாதே என்று எப்போதாவது அவர்தான் எடுத்து ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். அப்போதெல்லாம் முதுகு கூசும்.

சின்னவனின் இடம் அவர் சீட்டுக்கு நேர் பின்னால். வண்டி கிளம்பினால் போதும், இரண்டு காலாலும் சீட்டை உதைப்பான். நிம்மதியாக ஓட்ட விடுகிறானா பார் என்று இவர் கத்துவார். அவன் இன்னும் இரண்டு உதை சேர்த்துக் கொடுப்பான். அந்த உயரமான சீட்டுகளுக்குப் பின்னால் பிள்ளைகளின் தலைகூடக் கண்ணாடியில் தெரியாது. உதையை வைத்துத்தான் பையன் விழித்திருக்கிறான் என்று தெரியும்.

அன்று வழியெல்லாம் ஒரு உதைகூட விழவில்லை. தூங்கிவிட்டான் என்று நிம்மதியாக ஓட்டினார். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருக்கும்.

இன்று ஷெட்டிலிருந்து எடுத்து வரும்போது அவர் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒன்றுதான். அந்தப் பூட்டு கெட்டுப்போயிருக்க வேண்டும். பெரியவள் சொன்னது நிஜமாக இருக்க வேண்டும்.

"எல்லாமே கெட்டிருக்காது சார், ஒண்ணு ரெண்டுதான். பூட்டிட்டு இழுத்துப் பாத்தா தெரிஞ்சிடும்" என்றார் மெக்கானிக்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்ததை முதலில் பூட்டினார். டக். காலை ஊன்றிக்கொண்டு பெல்ட்டை இழுத்தார். அசையவில்லை. சொந்தக்காரர் கேட்டுக்கொண்டதற்காக மறுபடியும் இழுத்தார். கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றது.

பிறகு அடுத்த பக்கம் போனார். டக். இழுத்ததும் பெல்ட் கையோடு வந்துவிட்டது. கெட்டது இதுதான் என்று தூக்கிக் காட்டினார்.

அது அக்காவின் இடம்.

அப்படியானால் அவள் தம்பிக்குப் போடவில்லை. மறந்திருப்பாள். குழந்தைதானே, மறந்துவிட்டது, போகட்டும் என்று அன்றைக்கே மடியில் போட்டுக்கொண்டிருக்கலாம். அதற்கு அவருக்கு மனசு வரவில்லை. ஒரு பிள்ளை போன இடத்தில் இரண்டு பிள்ளைகளையும் இழந்துவிட்டு நின்றார்.

பட்டறை வாசலுக்கு வந்து போனை எடுத்துப் பெரியவளைக் கூப்பிட்டார். பொய் சொல்வது என்று முடிவு செய்ய அவருக்குக் கொஞ்சமும் நேரம் பிடிக்கவில்லை.

"தம்பியோட பூட்டு கெட்டதும்மா. சத்தம் வருது, பிடிக்க மாட்டேங்குது. நீ சரியாத்தான் போட்டிருக்க."

அழுகிறாளோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அழவில்லை.

"உங்க சீட்டுக்குப் பின்னாடி இருக்கறது இல்லையே, அந்தப் பக்கத்துப் பூட்டுதானேப்பா? அவன் உதைச்சா நீங்க திட்டுவீங்கன்னு, அன்னைக்கு நான்தான் அவனை என் இடத்துல உக்கார வெச்சேன்."

உள்ளே மெக்கானிக் கெட்ட பூட்டை இன்னொரு தரம் பூட்டிப் பார்த்தார்.

சத்தம் நன்றாகவே கேட்டது.