ஒரே ஒரு ஸ்பேர் பெல்ட்

ஓய்வுபெற்ற பிறகு எங்களுக்குக் கேரவன்தான் வீடு. ஆஸ்திரேலியாவின் ஆளில்லாத நல்லார்பார் சாலையில் யார் வண்டி நின்றாலும் நான் இறங்கிவிடுவேன். நேற்று ஒரு பச்சைக் கேரவன்காரனுக்கு, எங்களிடமிருந்த ஒரே ஸ்பேர் ஃபேன் பெல்ட்டை மாட்டிக் கொடுத்தேன். என் மனைவி மேவிஸ் கடுகடுத்தாள்.

"கிழவா, ரோட்டுல நிக்கிறவனுக்கெல்லாம் நீதான் மச்சானா? நாளைக்கு நம்ம பெல்ட் அறுந்தா?"

இன்று காலை பத்து மணிக்கு அறுந்தது. மேவிஸ் வண்டியின் பின்பக்கம் போய் டீக்குத் தண்ணீர் வைத்தாள். நான் ரேடியோவில் உதவி கேட்டேன். "வந்துட்டே இருக்கோம்" என்றான் நேற்றைய ஆள்.

கால் மணி நேரத்தில் எங்களுடையதைப் போலவே ஒரு வெள்ளைக் கேரவன் வந்தது. அதில் எங்கள் வண்டியின் நம்பர் இருந்தது. போன வருடம் கங்காரு மோதி எங்கள் கதவில் விழுந்த பள்ளமும் இருந்தது. ஓட்டியது நேற்றைய பச்சைக் கேரவன்காரன்தான். பக்கத்தில் மேவிஸ் உட்கார்ந்திருந்தாள். வேகம் குறைந்தது. நான் கையை நீட்டினேன்.

ரேடியோவில் அவள் குரல் கேட்டது.

"நிறுத்தாத கிழவா. இவர்கிட்டதான் நேத்தே பெல்ட் வாங்கியாச்சே."

இருவரும் எனக்குக் கையசைத்துவிட்டுப் போனார்கள்.

என் முதுகுக்குப் பின்னால், எங்கள் வண்டிக்குள், கெட்டில் விசிலடிக்கத் தொடங்கியது. அடுப்பை அணைக்க உள்ளே யாரும் இல்லை.